முட்டிக்குக் கீழே குறி வைத்த குண்டு பின்மண்டையில் எப்படிப் பட்டது?

முத்துநகர்க்காரன்
'என்கவுன்டர் சரியா தவறா' இழையில் நேத்து ராத்திரி ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஐயா ஒரு பதில் போட்டிருக்கார். படிச்சதுல இருந்து தூக்கம் வரல. அப்படியே கீழே ஒட்டுறேன்.

"தூத்துக்குடியில் போலீஸ் முட்டிக்குக் கீழேதான் குறி வைத்தார்கள். கூட்டம் குனிந்ததால் மேலே பட்டுவிட்டது. கோர்ட்டில் எந்த வழக்கும் நிற்காது. ஏழு வருஷம் ஆயிற்று, விட்டுவிடுங்கள்."

ஐயா, நான் தூத்துக்குடி. 2018 மே 22 காலையில பனிமய மாதா கோயில்ல இருந்து ஜனம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தப்போ நான் பாளையங்கோட்டை ரோட்டுல கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு நின்னேன். நூறாவது நாள் போராட்டம். பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுப் பொம்பளைங்க போனாங்க. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடுன்னு மனு கொடுக்கப் போனவங்க அவங்க. அந்த 22லயும் மறுநாள் அண்ணா நகர்லயும் சேர்த்து 13 பேர் செத்தாங்க.

13 பேரோட பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் பார்த்து அந்த வருஷம் டிசம்பர்ல ராய்ட்டர்ஸ் எழுதுச்சு. 12 பேருக்குத் தலையில அல்லது மார்புல குண்டு. அதுல பாதிப் பேருக்குப் பின்னால இருந்து. குனிஞ்சாங்களாம்! 12 பேரும் ஒரே நேரத்துல குனிஞ்சாங்களா ஐயா? முதுகைக் காட்டிக்கிட்டுக் குனிஞ்சாங்களா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
தம்பி, 34 வருஷம் காக்கி போட்டவன் நான். கையில் துப்பாக்கியோடு கூட்டத்துக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் அது தெரியும். கல் வரும்போது கூட்டத்தின் முன்வரிசை குனியும், பின்வரிசை திரும்பி ஓடும். இது மனித சுபாவம். திரும்பி ஓடுகிறவன் குனிந்துதான் ஓடுவான். வேன் மேலிருந்து கீழ்நோக்கிக் காலுக்குக் குறி வைத்தால், குனிந்து ஓடுகிறவன் தலை அந்தக் கோட்டில் வரும். இதில் என்ன அதிசயம்?

அன்று கலெக்டர் ஆபீசில் வண்டிகள் எரிந்ததை ஏன் எழுதவில்லை? ஸ்டெர்லைட் குடியிருப்பில் தீ வைத்ததை ஏன் எழுதவில்லை? காயம்பட்ட போலீசார் உங்கள் கணக்கில் வரமாட்டார்களா? முந்தின ராத்திரியே சிப்காட், தென்பாகம் காவல் எல்லையில் 144 போட்டாயிற்று. தடையை மீறி வந்த கூட்டம் அது.

முத்துநகர்க்காரன்
வண்டி எரிஞ்சுது. யாரு இல்லைன்னா? வண்டி எரிச்சவனைப் பிடிச்சு உள்ள போடுங்க. ஓடுறவன் பின்மண்டையில சுடுறதுக்கு 144ல எங்க எழுதியிருக்கு?

வேன் மேலன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. சந்தோஷம். ஊரே பார்த்த வீடியோ அது. மஞ்சள் டீசர்ட் போட்ட மப்டி ஆள் வேன் கூரை மேல படுத்துக்கிட்டுக் குறி பார்க்கிறார். கூட்டத்தைக் கலைக்கிறவன் எதுக்கு வேன் மேல படுக்கணும்? பக்கத்துல இருந்து ஒரு குரல் கேட்குதே, ஒருத்தனாவது சாகணும்னு! அந்தக் குரலும் முட்டிக்குக் கீழேயா பேசுச்சு?

கறுப்புக்கோட்டு மதுரை
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பொறுங்கள். முதலில் நாம் எதைப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வோம். என்கவுன்டர் என்பது தற்காப்பு என்று போலீஸ் சொல்லும் வழக்கு. கூட்டத்தைக் கலைக்கச் சுடுவது 2018ல் இருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையான பிரிவுகளில் வருவது. 132ன்படி அரசு அனுமதி இல்லாமல் அந்த அதிகாரிகள் மேல் வழக்கு நடத்த முடியாது. பொதுவான அரசு ஊழியர்களுக்கு 197. புதிய சட்டத்தில் அது 218 ஆகி, அனுமதிக் கோரிக்கை மேல் 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று வந்திருக்கிறது. 'கோர்ட்டில் நிற்குமா' என்ற கேள்விக்கு வாசல் இந்த அனுமதிதான். குனிந்தார்களா இல்லையா என்பது அதற்குப் பிறகு சாட்சி விசாரணையில் வரவேண்டியது.

முத்துநகர்க்காரன்
வக்கீல் சார், பிரிவு நம்பரெல்லாம் அப்புறம். ஐயா இன்னும் பதில் சொல்லல. 12 பேரும் குனிஞ்சாங்களா?

கொங்குக் குமார்
எதுக்கெடுத்தாலும் போலீசைத் திட்டறதே வேலையாப் போச்சு. 2019 டிசம்பர் 6 ஹைதராபாத்ல என்ன நடந்துச்சு? டாக்டர் பொண்ணைச் சீரழிச்சுக் கொளுத்தினவனுக நாலு பேரையும் விடியறதுக்குள்ள முடிச்சாங்க. ஜனங்க போலீஸ் மேல பூ தூவுனாங்க, பட்டாசு வெடிச்சாங்க, தோள்ல தூக்குனாங்க. அந்த ஜனங்க எல்லாம் முட்டாளுகளா? கோர்ட்டுக்குப் போனா இருபது வருஷம். போலீசுக்குக் கை கட்டினா நாட்டுல எவனுக்கும் பயம் இருக்காதுங்க.

கறுப்புக்கோட்டு மதுரை
குமார், அந்த வழக்கின் மிச்சத்தையும் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம், துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார்கள் என்ற போலீஸ் கதை நம்பும்படி இல்லை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று 2022ல் வெளியான அறிக்கையில் சொன்னது. 10 போலீசார் மேல் கொலை வழக்கு விசாரணை நடக்கவேண்டும் என்றது. இறந்த நால்வரில் மூன்று பேர் மைனர்கள் என்றது. பூ தூவின கைகள் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தனவா?

கொங்குக் குமார்
மைனரா இருந்தா என்ன, செஞ்ச வேலை மேஜர் வேலைதானுங்க?

கறுப்புக்கோட்டு மதுரை
செய்தார்கள் என்று எந்த நீதிமன்றம் சொன்னது? நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

வடசென்னை அரசி
முத்துநகர் அண்ணாச்சி எழுதுறதைப் படிச்சா எனக்கும் கண் கலங்குது. ஆனா ஒண்ணு கேக்கணும். போன வருஷம் 'மாவுக்கட்டு' இழை ஞாபகம் இருக்கா? எங்க ஏரியாப் பசங்க ரெண்டு பேரு கையில மாவுக்கட்டோட நிக்கிற போட்டோ வந்துச்சு. ஸ்டேஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்கன்னு செய்தி. அதுக்குக் கீழ நீங்க என்ன எழுதினீங்க? 'வழுக்குற பாத்ரூம் எல்லா ஸ்டேஷன்லயும் இருக்கணும்'னு எழுதி சிரிச்சீங்க. நூத்துக்கு மேல லைக் வாங்கினீங்க. நான் அன்னைக்கே சண்டை போட்டேன். 'ரவுடிக்குப் பரிஞ்சு பேசாதம்மா'ன்னு சொன்னீங்க. நான் மறக்கல.

பாத்ரூம்ல வழுக்கினான்னு சொன்னா நம்புவீங்க, குனிஞ்சான்னு சொன்னா மட்டும் கோவம் வருதா?

முத்துநகர்க்காரன்
அரசி தங்கச்சி, அது வேற இது வேற. அவனுங்க மேல எத்தனை கேஸ் இருந்துச்சு? இங்க செத்தது பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளையும் தகப்பனும் தாயும். திரேஸ்புரத்துல மகளைப் பார்க்கப் போன ஒரு அம்மா தலையில குண்டு பட்டுச் செத்தாங்க. கலெக்டர் ஆபீஸ் எங்க இருக்கு, கடற்கரை ஓரத்துத் திரேஸ்புரம் எங்க இருக்கு! அவங்களும் கல்லெறிய வந்தாங்களா? அவங்களும் குனிஞ்சாங்களா?

வடசென்னை அரசி
கேஸ் இருந்தா கையை உடைக்கலாமா? அதத்தான் குமார் அண்ணன் சொல்றாரு. நீங்களும் அவரும் ஒரே கட்சி அண்ணாச்சி. அவரு வெளிப்படையா சொல்றாரு, அவ்வளவுதான்.

முத்துநகர்க்காரன்
என்னையும் குமாரையும் ஒரே தராசுல வைக்காதம்மா. நான் 13 பொணத்தைப் பத்திப் பேசுதேன்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
இதுதான் உண்மை முகம். தன் ஊர்க்காரனுக்கு வந்தால் ரத்தம், மற்றவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி. அந்தப் பெண் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

துப்பாக்கி தெரியாதவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறார்கள். எஸ்எல்ஆர் துப்பாக்கியில் போடுவது 7.62 ரவை. தார் ரோட்டில் பட்டால் தெறிக்கும். தெறித்து மேலே எழும்பும். காலுக்குச் சுட்டது தலைக்கு வருவது துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

முத்துநகர்க்காரன்
பார்த்தீங்களா மக்களே. காலையில குனிஞ்சாங்க. மத்தியானம் தெறிச்சுது. சாயங்காலம் காத்தடிச்சுத் திசை மாறுச்சுன்னு வரும்.

ஐயா, நானும் செய்தித்தாள் படிக்கிறவன்தான். 'தப்பி ஓடிய ரவுடி காலில் சுட்டுப் பிடிப்பு'ன்னு வாராவாரம் வருது. நடுராத்திரி, முள்ளுக்காடு, டார்ச் வெளிச்சம், அரிவாளை வீசிட்டு ஓடுறான். அவனுக்கு மட்டும் கரெக்டா முழங்காலுக்குக் கீழ படுது! அங்க குனியறதும் இல்ல, தெறிக்கிறதும் இல்ல. பட்டப்பகல்ல, அகலமான ரோட்டுல, ஆயிரக்கணக்கான ஜனம் முதுகைக் காட்டி ஓடும்போது மட்டும் குறி மேல போயிருதா? இருட்டுல கால் தெரியுது, வெயில்ல தெரியலையா?

சும்மா வந்தவன்
அண்ணாச்சி பாயிண்ட்டு 🔥🔥🔥

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
ஒற்றை ஆளை விரட்டிப் பிடிப்பதும் கூட்டத்தைக் கலைப்பதும் ஒன்றா? அறிவுள்ளவன் பேசுகிற பேச்சா இது?

முத்துநகர்க்காரன்
அறிவு இல்லாதவன்னே வச்சுக்குங்க. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசனுக்கு அறிவு உண்டா இல்லையா? இந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு அரசு அமைச்ச ஆணையமா நாலு வருஷம் விசாரிச்சு 2022 மே 18ல இறுதி அறிக்கை கொடுத்தாங்க. அக்டோபர் 18ல சட்டசபையில வச்சாங்க. ஓடிக்கிட்டிருந்த ஜனத்தைச் சுட்டாங்கன்னு இருக்கு. கலெக்டர் ஆபீஸ் பூங்காவுல மறைஞ்சு நின்னு சுட்டாங்கன்னு இருக்கு. முறையா எச்சரிக்கை கொடுக்கலைன்னு இருக்கு. ஒரே காவலர் வெவ்வேற இடத்துல சேர்த்து 17 ரவுண்டு சுட்டிருக்கார். ஒரே ஆள், ஒரே நாள், 17 ரவுண்டு, பல இடம். அவரை எதுக்கு அங்கங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க? கூட்டம் கலைஞ்சா போதும்னா ஒரு இடத்துல சுட்டதும் வேலை முடிஞ்சிருக்கணுமே. ஐஜி, டிஐஜி, எஸ்பியில ஆரம்பிச்சுப் 17 போலீசார் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லுது அறிக்கை. குனிஞ்சாங்கன்னு எந்தப் பக்கத்துல இருக்கு ஐயா? பக்க நம்பர் கொடுங்க.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
ஆணைய அறிக்கை தீர்ப்பு இல்லை. அதன் பேரில் யாரையும் தண்டிக்க முடியாது.

கறுப்புக்கோட்டு மதுரை
சட்டப்படி அது சரிதான். 1952ஆம் வருஷத்து விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் அறிக்கை பரிந்துரைதான். அரசைக் கட்டுப்படுத்தாது.

முத்துநகர்க்காரன்
வக்கீல் சார், நீங்க எந்தப் பக்கம்?

கறுப்புக்கோட்டு மதுரை
பக்கம் பார்த்து நான் சட்டம் சொல்வதில்லை. அறிக்கை கட்டுப்படுத்தாது என்பதால்தான் சொல்கிறேன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதால் பயனில்லை, குற்றவியல் வழக்கு வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 ஆகஸ்டிலேயே விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. சிபிஐ போட்ட குற்றப்பத்திரிகையில் வரிசையாக வந்தவை போராட்டக்காரர்கள் பெயர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக எடுத்த வழக்கை அந்த வருஷமே முடித்துவைத்தது. அதை எதிர்த்து மதுரைக் கிளையில் மனுப் போட்டவர் மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பின் ஹென்றி டிபேன். உங்கள் கோபம் போகவேண்டிய திசை அது. நீங்களோ மூன்று நாளாகக் குனிந்தார்களா குனிந்தார்களா என்று ஒருவரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முத்துநகர்க்காரன்
பிடிக்கத்தான் செய்வேன். ஏன்னா எல்லாப் பொய்யும் அந்த ஒரு பொய்யில இருந்துதான் கிளம்புது. அவங்களாத்தான் குண்டு வர்ற இடத்துல தலையைக் கொண்டுவந்து வச்சாங்கன்னு ஆக்கிட்டா, சுட்டவனுக்குப் பொறுப்பு இல்ல, உத்தரவு போட்டவனுக்கும் இல்ல. செத்தவன்தான் குற்றவாளி.

1999 ஜூலை 23 ஞாபகம் இருக்கா? மாஞ்சோலைத் தொழிலாளிங்க கூலி கேட்டுத் திருநெல்வேலியில ஊர்வலம் போனாங்க. தடியடியில தாமிரபரணியில விழுந்து 17 பேர் போயிட்டாங்க. விசாரிச்ச ஆணையம் என்ன சொல்லுச்சு? பெரும்பாலானவங்க தண்ணியில மூழ்கிச் செத்தாங்கன்னு சொல்லுச்சு. யாரு தண்ணிக்குள்ள விரட்டுனாங்கங்கிறது போயே போச்சு. அன்னைக்கு மூழ்கிச் செத்தாங்க, இன்னைக்குக் குனிஞ்சு செத்தாங்க. நெல்லைச் சீமையில ஜனத்துக்கு ஒழுங்கா நிக்கத் தெரியல, அதான் சாகுறோம். அப்படித்தானே ஐயா?

கழகத் தம்பி திருச்சி
தூத்துக்குடியில இதையெல்லாம் செஞ்ச ஆட்சி எதுன்னு யாருமே எழுதலையே? டிவியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்ன முதல்வரை மறந்துட்டீங்களா? அவருக்கு உடனுக்குடன் தகவல் போய்க்கிட்டே இருந்துச்சுன்னு அறிக்கையிலயே இருக்கு.

இலைக்காரன் சேலம்
ஆணையம் அமைச்சதே எங்க ஆட்சிதான். ஆலைய மூடி அரசாணை போட்டது 2018 மே 28ல, அதுவும் எங்க ஆட்சிதான். 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட்டோட தாய் நிறுவனம் வேதாந்தா மனுவைத் தள்ளுபடி பண்ணுச்சே, அதுக்கு அடித்தளம் அந்த மூடல் உத்தரவுதான். அறிக்கை கையில வந்து மூணு வருஷமாச்சு. உங்க ஆட்சி எத்தனை அதிகாரியைக் கூண்டுல ஏத்துச்சு?

கழகத் தம்பி திருச்சி
சுட்டது யாரு ஆட்சி? அதுக்குப் பதில் சொல்லிட்டுப் பேசு.

இலைக்காரன் சேலம்
மாஞ்சோலை யாரு ஆட்சி? அதுக்கு முதல்ல பதில் சொல்லு.

கழகத் தம்பி திருச்சி
பரமக்குடி துப்பாக்கிச்சூடு 2011 யாரு ஆட்சி? 6 பேரு செத்தாங்க.

முத்துநகர்க்காரன்
ரெண்டு பேரும் வேற இழை தொறந்து அடிச்சுக்குங்க. ரெண்டு ஆட்சியையும் நான் பார்த்துட்டேன். மாஞ்சோலை, பரமக்குடி, எங்க ஊரு, எதுல துப்பாக்கி பிடிச்சவன் ஜெயிலுக்குப் போனான்? இந்த இழை குனிஞ்சாங்களா இல்லையாங்கிறதைப் பத்தினது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
ஒரு விஷயம் பதிவு செய்கிறேன். முத்துநகர்க்காரன் என்பவர் வயதுக்கு மரியாதை இல்லாமல் 'பொய்' என்று எழுதியிருக்கிறார். என் சர்வீசில் ஒரு முறை கூட நான் சுட்டதில்லை. ஒரு கலவரத்தில் கல் பட்டு என் வலது காது இன்றுவரை சரியாகக் கேட்காது. அன்று எங்களுக்குச் சுட உத்தரவு வரவில்லை, நாங்கள் வாங்கிக்கொண்டோம். அதற்காக எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, எந்த வக்கீலும் மனுப் போடவில்லை, எங்களுக்கு ஆணையம் அமைக்கவும் யாரும் வரவில்லை. காக்கிக்காரன் காதுக்கு மதிப்பு இல்லை இந்த நாட்டில்.

வடசென்னை அரசி
ஐயா, உங்க காதுக்கு நான் மனசார வருத்தப்படுறேன். கல்லெறிஞ்சவனைக் கோர்ட்டுல நிறுத்தியிருக்கணும். அதே கோர்ட்டுல சுட்டவனையும் நிறுத்துங்கன்னுதான் நாங்களும் சொல்றோம்.

முத்துநகர்க்காரன்
காது போனதுக்கு எனக்கும் வருத்தம்தான். ஆனா உங்க கதையே உங்களுக்கு எதிரா நிக்குது ஐயா. கல்லு வந்தும் சுடாம நின்னீங்கல்ல? அப்போ சுடாமலும் நிக்க முடியும்னு ஆகுதுல்ல? எங்க ஊருல மட்டும் ஏன் முடியல? பொய்யைப் பொய்னுதான் சொல்லுவேன், வயசுக்குத் தகுந்த மாதிரி வேற பேரு வைக்க எனக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
சுட உத்தரவு போட்டது போலீஸ் இல்லை. எஃப்ஐஆரைப் பாருங்கள். துணை தாசில்தார் உத்தரவு. நிர்வாக நடுவர் சொன்னால் போலீஸ் செய்யத்தான் வேண்டும். போய் வருவாய்த் துறையைக் கேளுங்கள்.

முத்துநகர்க்காரன்
அடடா, இப்போ தாசில்தார் வந்துட்டாரா! மூணு துணை தாசில்தார்கள் மேலயும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அறிக்கையில இருக்கு. கலெக்டர் அன்னைக்கு ஊர்லயே இல்ல, கோவில்பட்டியில இருந்தார்னும் இருக்கு. ஒரு மாவட்டமே கொதிக்கும்போது துணை தாசில்தார் கையில துப்பாக்கி உத்தரவு! சரி, தாசில்தார் சுடச் சொன்னார்னே வச்சுக்குவோம். பின்மண்டையில சுடுன்னு சொன்னாரா?

கொங்குக் குமார்
நீங்க இப்படியே பேசிட்டிருந்தா நாளைக்கு எந்தப் போலீசும் துப்பாக்கிய எடுக்க மாட்டான். உங்க வீட்டுல திருடன் புகுந்தா யாரைக் கூப்பிடுவீங்க?

முத்துநகர்க்காரன்
போலீசைத்தான் கூப்பிடுவேன். வேன் மேல படுக்காத போலீசை.

கறுப்புக்கோட்டு மதுரை
குமார், போலீசார் எப்போதும் கோர்ட்டில் தப்பித்துவிடுவதில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1997ல் டெல்லி கனாட் பிளேசில் ரவுடி என்று நினைத்து வியாபாரிகளைச் சுட்டார்கள். உதவி கமிஷனர் உள்பட 10 பேருக்கு ஆயுள். 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உ.பி. ஹாஷிம்புராவில் 1987ல் ஆயுதப் போலீசார் முஸ்லிம்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டதற்கு 2018ல் டெல்லி உயர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் கொடுத்தது, 31 வருஷம் கழித்து. மும்பையில் 2006ல் நடந்த லக்கன் பையா போலி என்கவுன்டரில் கீழ் கோர்ட் விடுதலை செய்த பெயர்பெற்ற அதிகாரியை 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கொலைக் குற்றவாளி என்றது. என்கவுன்டர் முடிந்த கையோடு பதக்கமும் பதவி உயர்வும் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே விதி வகுத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் குடும்பத்தார் படியேறிப் படியேறித்தான் நியாயம் வாங்கினார்கள். கோர்ட்டில் நிற்காது என்பது தவறு. நிற்க வைக்க ஆள் வேண்டும், காலம் வேண்டும்.

கொங்குக் குமார்
முப்பத்தியோரு வருசம்னு நீங்களே சொல்றீங்க. அதுக்குத்தானுங்க ஜனங்க பூ தூவறாங்க. கோர்ட்டு மேல நம்பிக்கை இல்லாமத்தான்.

வடசென்னை அரசி
இப்போ குமார் அண்ணன் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. கோர்ட்டு லேட்டாகுதுன்னு பூ தூவினாங்க. அந்தப் பூவைப் பார்த்துத்தான் அடுத்த துப்பாக்கிக்குத் தைரியம் வருது. மாவுக்கட்டுப் போட்டோவுக்குச் சிரிச்சதும் அதே பூதான் அண்ணாச்சி. நீங்க அதை ஒத்துக்கிட்டா நான் இந்த இழையில உங்க கூட நிப்பேன்.

முத்துநகர்க்காரன்
தங்கச்சி, அந்த இழையில சிரிச்சது உண்மைதான், இல்லைங்கல. ஆனா இப்போ அதை இழுத்தா ஐயா தப்பிச்சுருவார். அவரு தப்பிக்கக் கூடாது. மாவுக்கட்டை இன்னொரு நாள் பேசுவோம்.

வடசென்னை அரசி
இன்னொரு நாள் வராது. எனக்குத் தெரியும்.

சும்மா வந்தவன்
அப்போ சமூக விரோதிகள் உள்ள புகுந்துட்டாங்கன்னு ஒரு பெரிய நடிகர் சொன்னாரே, அது என்னாச்சு?

முத்துநகர்க்காரன்
தம்பி, அதைக் கிளப்பாதே. எங்க ஊரு ஜனத்துக்கு அந்த வார்த்தை இன்னும் நெஞ்சுல முள்ளாக் கிடக்கு. ஆஸ்பத்திரியில அடிபட்டவங்களைப் பார்த்துட்டு வெளிய வந்து சொன்ன வார்த்தை அது.

துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள்ல இருந்து மூணு மாவட்டத்துல இணையத்தை வெட்டிட்டாங்க. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி. என் தம்பி துபாய்ல இருக்கான். நாங்க உசுரோட இருக்கமான்னு தெரியாம அவன் பட்ட பாடு! எங்க ஊர்ல என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கே தெரியாது, நாங்க வாயைத் தொறக்குறதுக்குள்ள நாங்க யாருன்னு டிவியில முடிவு பண்ணிட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு நாங்க எப்படி நின்னோம்னும் ஐயா முடிவு பண்றார். குனிஞ்சோமாம்.

நெறியாளர்
கட்சிச் சண்டைப் பதிவுகள் 14 நீக்கப்பட்டன. வயது, சாதி, ஊர் குறித்த ஏச்சு வேண்டாம். தலைப்பை ஒட்டி எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
நெறியாளருக்கு நன்றி. என் கடைசிப் பதிவு. நான் சொன்னதை மாற்றப் போவதில்லை. ஓடுகிற கூட்டம் குனியும். குறி காலுக்குத்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன்.

முத்துநகர்க்காரன்
வாங்க ஐயா. அதைத்தான் ஏழு வருஷமாக் கேக்குறோம். கூண்டுல ஏறிச் சொல்லுங்க. குறுக்கு விசாரணையில ஒவ்வொரு பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் உங்க முன்னால வைக்கட்டும். எங்க நுழைஞ்சுது, எங்க வெளிய வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா வாசிக்கட்டும். பள்ளிக்கூடம் முடிச்ச அந்தப் பொம்பளைப் பிள்ளைக்குப் பின்கழுத்துப் பக்கம் நுழைஞ்சு வாய் வழியா வந்துச்சு. அதையும் வாசிக்கட்டும்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
அந்தப் பெண் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அவர் அந்த நேரத்தில் குனிந்திருக்க மாட்டார் என்பதற்கு உங்களிடம் என்ன சாட்சி?

கறுப்புக்கோட்டு மதுரை
ஐயா, சுட்டதை நியாயம் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். தற்காப்பு, கடமை எல்லாம் விதிவிலக்குகள். நிரூபிக்கும் பொறுப்பு அவற்றைக் கோருகிறவருடையது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
முதலில் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள் வக்கீல் சார். நீங்களே சொன்ன 132.

முத்துநகர்க்காரன்
கடைசிப் பதிவுன்னு சொன்னவர் ரெண்டு பதிவு போட்டுட்டார். ஐயா, நாளைக்குக் காலையில அறிக்கையோட அந்தப் பக்கங்களை ஸ்கேன் பண்ணி இங்கயே போடுதேன். 12 பேர். ஒவ்வொருத்தருக்கும் குனிஞ்சாங்களா இல்லையான்னு நீங்க எழுதணும்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.
போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஓடியவர்கள் குனிந்துதான் ஓடியிருப்பார்கள்.